சாவி யார் கொடுப்பது?

பழைய கடிகாரத்தை வரவேற்பறையில் மாட்டும் ஆசை இன்று பலருக்கும் வந்திருக்கிறது. எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, எப்படி ஓடவைப்பது? வாங்குமுன் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி.

இரண்டு பக்கமும் முகம் கொண்ட அந்தப் பித்தளைக் கடிகாரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையத்துக் கடிகாரம்போலச் சுவரிலிருந்து கை நீட்டித் தொங்கும். காபிக் கடைகள், ஹோட்டல் வரவேற்பறைகள், இணைய அங்காடிகள் என்று எங்கும் அதுதான். டயலில் ‘விக்டோரியா ஸ்டேஷன், லண்டன், 1747’ என்று பொறித்திருக்கும். விக்டோரியா மகாராணி பிறந்ததே 1819-இல்தான். நீராவி ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது 1825-இல். லண்டனில் அந்த நிலையம் திறக்கப்பட்டது 1860-இல். இப்படி ராணியும் ரயிலும் ஆண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாத அந்த டயலுக்குப் பின்னால் இருப்பது, பேட்டரியில் ஓடும் சின்ன குவார்ட்ஸ் மெஷின்.

இதை வாங்குவது ஒன்றும் தப்பில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, நேரமும் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ‘பழைய கடிகாரம் வாங்கிவிட்டேன்’ என்று மட்டும் சொல்ல முடியாது. பழமையின் முகமூடி வேறு, பழைய கடிகாரம் வேறு.

வீட்டுக்குள் வந்து சேரும் பழம்பொருள்களில் பெரும்பாலானவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவை. பித்தளை அண்டாவில் இப்போது யாரும் வெந்நீர் போடுவதில்லை. அதில் செடி வளர்கிறது. கல் உரலில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுகிறோம். கிராமபோன் பெட்டி மேல் புகைப்படங்கள் நிற்கின்றன. கடிகாரம் மட்டும் நூறு வருஷத்துக்குப் பிறகும் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அதே வேலையைச் செய்யக் கூடியது. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறுகிறது. ஓவியம் வாங்கக் கண் போதும். கடிகாரத்துக்கு மூன்றைப் பார்க்க வேண்டும்: உள்ளே இருக்கும் மெஷின், மாட்டப்போகிற சுவர், வாராவாரம் சாவி கொடுக்கப்போகிற கை. இந்த மூன்றில் கடைசியைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை.

நம் சுவருக்கு வந்த கதை

பெண்டுலத்தைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தவர் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஆண்டு 1656. அதற்கு முன்பெல்லாம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னேயோ பின்னேயோ போனால் அதுவே நல்ல கடிகாரம். பெண்டுலம் வந்ததும் அந்தப் பிழை சில நொடிகளுக்குச் சுருங்கியது. ஆனாலும் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் கடிகாரம் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு சக்கரத்தையும் ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவ வேண்டியிருந்தது.

அதை மாற்றியவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர்கள். எலி டெரி என்பவர் 1800-களின் தொடக்கத்தில் மரச் சக்கரம் வைத்த 4,000 கடிகார மெஷின்களை மூன்றே ஆண்டுகளில் செய்து தர ஒப்புக்கொண்டு, செய்தும் காட்டினார். அடுத்து வந்த சான்சி ஜெரோம் மரத்துக்குப் பதில் பித்தளைத் தகட்டில் சக்கரங்களை அச்சுக் குத்தி எடுத்தார். 1842-இல் அவர் இங்கிலாந்துக்கு முதல் சரக்கை அனுப்பியபோது நடந்தது கடிகார உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. விலைப் பட்டியலைப் பார்த்த சுங்க அதிகாரிகள், ‘இவ்வளவு மலிவாக இருக்கவே முடியாது, வரியைக் குறைக்கப் பொய்க் கணக்கு’ என்று முடிவுகட்டி, சட்டப்படி அந்த விலையையே கொடுத்து மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். ஜெரோமுக்கு விற்பனை அலைச்சல் மிச்சம். மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது.

அந்த அமெரிக்க முறையை ஜெர்மானியர்கள் கற்றுக்கொண்டார்கள். கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஷ்ராம்பெர்க் ஊரில் 1861-இல் தொடங்கிய ஜங்ஹான்ஸ், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலையாக வளர்ந்துவிட்டது. அதே ஊரின் ஹாம்பர்க் அமெரிக்கன் கம்பெனி, ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு அம்புகளை முத்திரையாக வைத்துக்கொண்டது. இன்றைய போலந்தில் இருக்கும், அன்றைய சைலீசியாவின் ஃப்ரைபர்க் ஊரில் 1847-இல் தொழில் தொடங்கியவர் குஸ்தாவ் பெக்கர். கிரீடம், நங்கூரம், நடுவே ‘ஜி, பி’ எழுத்துகள் அவருடைய முத்திரை. ஜப்பானில் கிண்டாரோ ஹட்டோரி 1892-இல் சீகோஷா தொழிற்சாலையைத் தொடங்கியபோது முதலில் செய்தது சுவர்க் கடிகாரம்தான். பின்னாளில் உலகம் அறிந்த சீகோ அங்கிருந்து வந்தது.

தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கியவை பெரும்பாலும் இந்த நாடுகளின் சரக்கு. பர்மா, மலேயா, இலங்கை என்று வணிகம் செய்த செட்டிநாட்டு நகரத்தார், தேக்கும் இத்தாலிய மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் வாங்கிவந்த அதே காலத்தில் கடிகாரங்களையும் கொண்டுவந்தார்கள். தங்கள் வீட்டு முகப்பில் ஒன்று, உள் முற்றமான வளவில் ஒன்று என்று மாட்டினார்கள். பின்னாளில் அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடந்து, பாகப் பிரிவினையில் பிரிந்து, சில இடிக்கப்பட்டும் போனதில் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் சேர்ந்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. கடிகாரங்களும்தான். இன்றைக்கும் பழைய கடிகாரம் தேடுபவர் முதலில் போக வேண்டிய தெரு அது. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெரு, மும்பை சோர் பஜாரின் மட்டன் தெரு ஆகியவை அடுத்த நிறுத்தங்கள். வாங்க வேண்டாம், கண்ணைப் பழக்கினால் போதும் என்பவர்கள் ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டி பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டுப் போகும் கடிகாரத்தின் முன் எப்போதும் கூட்டம் நிற்கும்.

எவ்வளவு பழசு?

கடைக்காரர் எப்போதும் ‘நூற்றைம்பது வருஷம் சார்’ என்பார். பழம்பொருள் வணிகத்தில் நூறு ஆண்டுகளைக் கடந்ததை ‘ஆன்டிக்’ என்றும், அதற்கு இளையதாக ஆனால் தன் காலத்தின் முத்திரையோடு இருப்பதை ‘வின்டேஜ்’ என்றும் சொல்வது வழக்கம். 1960-களின் சுவர்க் கடிகாரம் வின்டேஜ். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆன்டிக் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

வயதைக் கண்டுபிடிக்கக் கடிகாரமே சில தடயங்களை வைத்திருக்கிறது. முதலாவது, நாட்டின் பெயர். பிரிட்டன் 1887-லும் அமெரிக்கா 1890-லும் இயற்றிய சட்டங்களுக்குப் பிறகே ஏற்றுமதிச் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கும் வழக்கம் பரவியது. டயலிலோ மெஷினிலோ ‘மேட் இன் ஜெர்மனி’ என்று இருக்க, கடைக்காரர் ‘1870 சார்’ என்று சொன்னால் புன்னகைத்துவிட்டு நகரலாம். ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்குள் வந்த சரக்கு.

இரண்டாவது, திருகாணி. நட்சத்திரம்போல் குறுக்குவெட்டுத் தலை கொண்ட திருகாணி 1930-களில்தான் சந்தைக்கு வந்தது. 1890-ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் மெஷினை அந்த ஆணி பிடித்துக்கொண்டிருந்தால், யாரோ இடையில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது, மெஷினின் பின் தகடு. ஜங்ஹான்ஸ் மெஷின்களில் ‘ஏ’ அல்லது ‘பி’ என்ற எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருந்தால், முதல் அல்லது இரண்டாம் அரையாண்டையும் வருடத்தையும் குறிக்கும்: ‘பி 12’ என்றால் 1912-இன் பின்பாதி. குஸ்தாவ் பெக்கருக்கு வரிசை எண்ணை வைத்தே ஆண்டை மதிப்பிடலாம்.

டயலில் இருக்கும் பெயரைச் செய்தவரின் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை மவுன்ட் ரோட்டில் கோலோச்சிய பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி போன்ற பெரிய கடைகள் வெளிநாட்டு மெஷின்களை வரவழைத்து டயலில் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. நம் ஊர்க் கடையின் பெயர் இருப்பது குறை அல்ல. அந்தக் கடிகாரம் எங்கே, யாரால் விற்கப்பட்டது என்பதற்கான சாட்சி. மாறாக, ‘ஈஸ்ட் இண்டியா கம்பெனி’ என்றோ ஏதாவது ரயில்வேயின் பெயரோ புத்தம் புது மையில் பளிச்சென்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பழைய பெட்டியில் புது டயல் ஒட்டுவது சுலபம். அதுபோன்ற பெயர்களுக்கு விலை கூடுதல். இன்னொன்று: ரோமன் எண்ணில் நான்கை நான்கு கோடுகளாகப் போட்டிருப்பதைப் பார்த்துப் போலி என்று நினைக்க வேண்டாம். கடிகாரத் தொழிலின் பழைய வழக்கமே அதுதான்.

கதவைத் திறந்து பாருங்கள்

வெளியே தேக்கும் கடைசல் வேலையும் கண்ணைப் பறிக்கும். பேரம் பேசுமுன் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

டயலில் சாவித் துளைகள் எத்தனை? ஒன்று என்றால் நேரம் மட்டும் காட்டும். இரண்டு என்றால் வலது துளை பெரும்பாலும் நேரத்துக்கு, இடது துளை மணி அடிக்க. மூன்று என்றால் கால் மணிக்கொரு தரம் ராகம் வாசிக்கும் ரகம், நடுத்துளை நேரத்துக்கு. துளை இருந்து, உள்ளே சாவி மாட்டும் தண்டு இல்லையென்றால் மெஷினைக் கழற்றி எறிந்துவிட்டுக் குவார்ட்ஸ் வைத்திருக்கிறார்கள். பெண்டுலம் ஆடுவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அதற்கென்றே தனியாகப் பேட்டரியில் ஆடும் பெண்டுலம் கிடைக்கிறது. காதை வையுங்கள்: டிக் டாக் சத்தம் பெண்டுலத்தின் ஒவ்வொரு வீச்சோடும் சேர்ந்து வர வேண்டும்.

அடுத்து, பெட்டியும் மெஷினும் ஒரே பிறப்பா? மேலைநாட்டு வணிகர்கள் இதைக் ‘கல்யாணம்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள்: ஒரு கடிகாரத்தின் பெட்டிக்குள் இன்னொன்றின் மெஷின். பின்பலகையில் காரணமில்லாமல் இருக்கும் திருகாணித் துளைகள், டயலுக்கும் பெட்டி வளையத்துக்கும் இடையில் பொருந்தாத இடைவெளி, பெண்டுலம் கண்ணாடிக்கு நடுவில் வராமல் ஓரத்தில் அல்லது மேலே நின்றுவிடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அலங்காரத்துக்கு மட்டும் என்றால் இந்தக் கல்யாணமும் கசக்காது. விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

கடைசியாகத் தேய்மானம். 25 சென்டிமீட்டர் நீளப் பெண்டுலம் ஒரு நொடிக்கு இரண்டு முறை டிக் அடிக்கும். நாளுக்கு 1,72,800, வருஷத்துக்கு 6 கோடிக்கு மேல். இவ்வளவையும் தாங்குவது, பித்தளைத் தகட்டில் ஊசிமுனை போன்ற எஃகு அச்சுகள் சுழலும் சிறு துளைகள்தான். எண்ணெய் காய்ந்து தூசு சேர்ந்தால் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். சக்கரத்தை விரலால் லேசாக அசைத்து, அச்சு துளைக்குள் தள்ளாடுகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தள்ளாடினால் துளைக்குள் ‘புஷ்’ என்ற புது வளையம் அடிக்க வேண்டியிருக்கும். அது நல்ல மெக்கானிக் செய்யக் கூடிய வேலைதான். ஆனால் அந்தச் செலவையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையோடு கொண்டுபோக ஒரு பட்டியல்

• ஓடவிட்டுக் கேளுங்கள். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். நொண்டியடித்தால் மாட்டியிருக்கும் கோணம் தப்பு, அல்லது மெஷினில் சிக்கல்.

• ஒரு முறை மணி அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஓசையோடுதான் வீட்டில் நீங்கள் வாழப்போகிறீர்கள்.

• பெட்டியின் அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருக்கிறதா? மரம் துளைக்கும் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது.

• சாவி, பெண்டுலம் இரண்டும் அந்தக் கடிகாரத்துக்கு உரியவையா? சாவி அளவு பொருந்தாவிட்டால் தண்டின் முனை மழுங்கிப்போகும்.

• டயல் எனாமலா, தகரத்தில் பெயின்டா, காகிதமா? மயிரிழை விரிசலோடு இருக்கும் பழைய எனாமல், புதிதாக அச்சடித்த டயலைவிட மதிப்பானது.

• பெண்டுலத்தைக் கழற்றிய பிறகே வண்டியில் ஏற்றுங்கள். அதைத் தாங்குவது காகிதம் போன்ற மெல்லிய எஃகுத் தகடு. ஒரே குலுக்கலில் ஒடியும்.

எந்த வீட்டுக்கு எது

செட்டிநாட்டு வளவில் நிமிர்ந்து நின்ற கடிகாரம், ஒன்பதரை அடி உயர அடுக்குமாடி ஹாலில் வீட்டையே விழுங்கிவிடும். தரையில் நிற்கும் ஏழடி உயரத் ‘தாத்தா கடிகார’த்துக்கு மேலே குறைந்தது ஓரடி வெற்றிடமும் இரு பக்கமும் மூச்சுவிட இடமும் வேண்டும். அந்த இடம் இல்லாதவர்களுக்கு வியன்னா பாணிச் சுவர்க் கடிகாரம் சரி: ஒடுக்கமான நீளப் பெட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே ஆடும் பெண்டுலம். அதன் பெண்டுலக் குண்டில் ‘ஆர்’, ‘ஏ’ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். மெதுவாக்கு, வேகமாக்கு என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை.

அலமாரி, டிவி மேடை, புத்தக அடுக்கு ஆகியவற்றின் மேல் வைக்க, வளைந்த முதுகு கொண்ட மேஜைக் கடிகாரங்கள் இருக்கின்றன. 1920 முதல் 1950 வரை ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஏராளமாகச் செய்தவை. ஏராளம் என்பதால் விலையும் கட்டுப்படியாகும். கண்ணாடிக் குடுவைக்குள் நான்கு பித்தளைக் குண்டுகள் மெல்லச் சுழலும் ‘400 நாள்’ கடிகாரம் இன்னொரு ரகம். ஒருமுறை சாவி கொடுத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடும். பார்க்க அதைவிட அழகு எதுவும் இல்லை. ஆனால் லேசான அதிர்வுக்கும் கோபித்துக்கொள்ளும். மாடியில் குழந்தைகள் குதித்து விளையாடும் வீட்டில் வேண்டாம்.

வெள்ளைச் சுவர், நேர்கோட்டு சோபா என்று நவீனமாக அமைத்த வீட்டில் கறுத்த தேக்குப் பெட்டியைத் திணிக்க வேண்டும் என்பதில்லை. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் அலுவலகம் ஹோவார்டு மில்லர் கம்பெனிக்காக வடிவமைத்த, கதிர்விடும் சூரியன்போன்ற சுவர்க் கடிகாரங்கள் அதற்குப் பொருந்தும். எண்களே இல்லாத டயல் அப்போது புரட்சி. பணம் அதிகம் போட விரும்பாதவர்களுக்கு நம் பாட்டி வீட்டு டைம்பீஸ் இருக்கவே இருக்கிறது. தலையில் மணி வைத்த சாவி டைம்பீஸ் ஒன்றைப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தால் அந்த அடுக்கின் முகமே மாறிவிடும்.

பொருத்தும்போது சில கணக்குகள் உதவும். மேஜைக்கு அல்லது சோபாவுக்கு மேலே மாட்டுவதென்றால் கீழே இருக்கும் பொருளின் அகலத்தில் பாதியைத் தாண்டாதபடி கடிகாரம் இருக்கட்டும். டயலின் நடுப்புள்ளி நிற்பவரின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே வந்தால் நேரம் பார்க்கவும் சாவி கொடுக்கவும் வசதி. உத்தரத்தை ஒட்டி மாட்டினால் வாராவாரம் ஸ்டூல் போட வேண்டும். நாலாவது வாரமே அலுத்துவிடும். ஒரு சுவரில் ஒரு கடிகாரம் போதும். ஏழெட்டு கடிகாரங்களை நெருக்கி மாட்டும் பாணி படத்தில் அழகு. வீட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் சொல்லும். எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓசையும் அலங்காரத்தில் சேர்த்திதான். மணிக்கு மணி அடித்து, அரை மணிக்கு ஒரு தட்டுத் தட்டும் கடிகாரம் ஒரு நாளில் 180 முறை அடிக்கும். கால் மணிக்கொரு தரம் ‘வெஸ்ட்மின்ஸ்டர்’ ராகம் வாசிக்கும் ரகம் என்றால், சுத்தியல்கள் கம்பியைத் தட்டுவது நாளுக்கு ஆயிரம் தடவைக்கு மேல். பகலில் இனிக்கும் அந்த ராகம் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இனிக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பல மேஜைக் கடிகாரங்களில் ஓசையை நிறுத்தும் சிறு நெம்புகோல் டயலிலேயே உண்டு. இல்லாதவற்றில் மணிக்கான சாவியை மட்டும் கொடுக்காமல் விட்டுவிடலாம். படுக்கையறைக்கு அடிக்கும் கடிகாரமே வேண்டாம்.

வெயில், உப்பு, சுவர்

கடிகாரத்தை மாட்டக் கூடாத இடங்கள் நம் வீடுகளில் கொஞ்சம் அதிகம். மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் டயல் வெளுக்கும், மரத்தின் மேல்பூச்சு வெடிக்கும். சமையலறை வாசலில் எண்ணெய்ப் புகை மெஷினுக்குள் படியும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் மரம் சுருங்கி விரியும். ஓங்கி அறையப்படும் கதவுக்குப் பக்கத்துச் சுவர் பெண்டுலத்துக்குப் பகை. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்று எஃகு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். அங்கே கண்ணாடிக் கதவு இறுக்கமாக மூடும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சுவரும் திடமாக இருக்க வேண்டும். ஜிப்சம் தடுப்புச் சுவரில் கனமான பெண்டுலக் கடிகாரத்தை மாட்டினால் பெட்டியே கூடச் சேர்ந்து லேசாக ஆடும், பெண்டுலத்தின் சக்தியைச் சுவர் குடித்துவிடும், கடிகாரம் நிற்கும். செங்கல் சுவரில் ஆழமாக இறங்கிய கொக்கி வேண்டும். நேராக மாட்டிய பிறகும் டிக் டாக் நொண்டினால் பெட்டியின் அடிப்பாகத்தை மெல்ல இடமோ வலமோ நகர்த்திச் சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்கு நேராக இருப்பதைவிடக் காதுக்கு நேராக இருப்பது முக்கியம்.

கோடையில் மெதுவாகப் போகிறது என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு விளக்கம். வெப்பத்தில் பெண்டுலத் தண்டு நீள்கிறது. நீளமான பெண்டுலம் மெதுவாக ஆடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் எஃகுத் தண்டு உள்ள கடிகாரம் நாளுக்குச் சுமார் 5 நொடியும் பித்தளைத் தண்டு உள்ளது 8 நொடியும் பின்தங்கும். அந்தக் காலத்து நல்ல கடிகாரங்கள் மரத் தண்டைப் பயன்படுத்தியது இதனால்தான். மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவே விரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

பெரும்பாலான பழைய கடிகாரங்கள் எட்டு நாள் ஓடுபவை. எட்டு நாள் என்பது ஏழு நாளுக்கு ஒரு முறை சாவி கொடுக்க. ஒரு நாள் மறதிக்கு. வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்ட வீட்டில் யாரும் கொடுப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சாவியைப் பாதியில் பட்டென்று விட்டுவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

‘அளவுக்கு மேல் சாவி கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் நின்றுவிட்டது’ என்று எல்லா வீட்டிலும் ஒரு பழி உண்டு. அது பெரும்பாலும் வீண்பழி. ஸ்பிரிங் முழுக்கச் சுற்றப்பட்டும் கடிகாரம் ஓடவில்லை என்றால், உள்ளே எண்ணெய் பிசினாகி அச்சுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். தேங்காய் எண்ணெய் விடுவது இதை இன்னும் மோசமாக்கும். கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெயில் அச்சுத் துளைக்கு ஒரு பொட்டு போதும். சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெயே கூடாது. தூசு ஒட்டி அரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெஷினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடும் சர்வீஸ் அவசியம். அதை நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். சுற்றிய ஸ்பிரிங் அவிழ்ந்து தெறித்தால் விரல் தப்பாது.

நேரத்தைத் திருத்தும்போது பெரிய முள்ளை மட்டும் முன்பக்கமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி, அடித்து முடிக்கவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். அவசரப்பட்டால் சில பழைய ரகங்களில் ஐந்து மணிக்கு எட்டு அடிக்கும். கடிகாரம் முன்னால் போயிருந்தால் முள்ளைப் பின்னுக்குத் தள்ளுவதைவிட, பெண்டுலத்தைக் கையால் நிறுத்தி, நேரம் வந்ததும் ஆட்டிவிடுவது உத்தமம். நாளுக்கு நாள் பின்தங்கினால் பெண்டுலக் குண்டுக்குக் கீழே இருக்கும் மரையைத் திருகிக் குண்டை மேலே ஏற்றுங்கள். 25 சென்டிமீட்டர் பெண்டுலத்தில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மாற்றினாலே நாளுக்கு ஒரு நிமிடம் கூடும், குறையும். வாரத் தொடக்கத்தில் சற்று வேகமாகவும் வாரக் கடைசியில் மெதுவாகவும் ஓடினால் அது நோய் அல்ல, ஸ்பிரிங்கின் சுபாவம்.

பெட்டியைப் புதுசுபோல் ஆக்கும் ஆசையும் ஆபத்தானது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்த கடிகாரம், வயதோடு சேர்ந்து பாதி விலையையும் இழக்கும். உலர்ந்த மெல்லிய துணி போதும். டயலில் ஈரத்துணி படவே கூடாது. எண்கள் துணியோடு வந்துவிடும். இருட்டில் ஒளிர்ந்த பழைய டைம்பீஸ் முட்களில் சில ரேடியம் பூசியவை. பச்சை ஒளி என்றோ மங்கியிருக்கும். ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை பார்த்து ரசிக்கலாம். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவது, குழந்தையிடம் விளையாடக் கொடுப்பது இரண்டும் கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தாத்தா வீட்டுக் கடிகாரத்தைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். நூறு ஆண்டுகளைக் கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் தடை விதிக்கிறது. வயது குறைந்ததுதான் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது விமான நிலையத் தலைவலியைத் தவிர்க்கும்.

ஓடாத கடிகாரம் இருக்கலாமா?

நின்றுபோன கடிகாரம் வீட்டுக்கு ஆகாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நம்புகிறவர்கள் ஓடவைத்துவிடுகிறார்கள், அந்த வகையில் கடிகாரத்துக்கு நல்லதுதான். ஆனால் ஓடவைக்க முடியவில்லை என்பதற்காகப் பழைய மெஷினைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டு, குவார்ட்ஸ் பொருத்திவிடாதீர்கள். டயலில் துளையைப் பெரிதாக்குவார்கள், முட்களை வெட்டுவார்கள். பிறகு எந்த மெக்கானிக்காலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மெக்கானிக் கிடைக்கும்வரை நின்றபடியே இருக்கட்டும்.

சாவி கொடுக்கும் பொறுமை தனக்கு இல்லை என்று தெரிந்தவர், நாம் முதலில் பார்த்த 1747 கடிகாரத்தையே வாங்கிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்படிச் செய்தால் நூறு வருஷம் ஓடிய மெஷின் ஒன்று, அதைக் கவனிக்கக் கூடிய இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வாங்கியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய மெக்கானிக்குகள் சர்வீஸ் செய்த தேதியைப் பெட்டிக்குள்ளேயோ பின் தகட்டிலோ கீறிவைக்கும் வழக்கம் உண்டு. உங்கள் கடிகாரத்திலும் தேடிப்பாருங்கள். கிடைத்ததைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினீர்கள், யார் வீட்டுப் பொருள் என்று கடைக்காரர் சொன்னார், எந்த ஆண்டு எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் செருகிவிடுங்கள். மெஷினைத் திறக்கப்போகும் அடுத்த மெக்கானிக்குக்கு அது நோயாளியின் பழைய மருத்துவச் சீட்டு. என்றாவது விற்க நேர்ந்தால், ‘நூற்றைம்பது வருஷம் சார்’ என்பதைவிட நல்ல விலையைப் பெற்றுத் தருவதும் அந்தத் தாள்தான்.